காரைக்குடிப் பக்கத்துக் கிறிஸ்மஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பிறந்தால் போதும், இதே கேள்விகள் வரிசையாக வரும். பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார் மகள் கேட்பாள், புதிதாக வந்த மருமகள் கேட்பாள், எதிர்வீட்டு ஆச்சியின் பேத்தியும் கேட்பாள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர். தேவகோட்டைக்கும் சருகணிக்கும் நடுவில் ஒரு கிராமம் பூர்வீகம், இப்போது குடியிருப்பது காரைக்குடியில். நான் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். பக்கத்துத் தெருவில் வேறு மாதிரி இருக்கலாம்.

செட்டிநாடு என்றால் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களாயிற்றே, அங்கே ஏது கிறிஸ்மஸ்?

கேட்காத ஆள் இல்லை. ஆயிரம் சன்னல் வீட்டையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்க்க வருகிறவர்கள் கோவில் மணியைக் கேட்டுவிட்டு, "இங்கேயும் சர்ச் இருக்கிறதா" என்பார்கள். தேவகோட்டையிலிருந்து கிழக்கே போனால் ஓரியூர். அருளானந்தர் என்று நாங்கள் சொல்கிற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம் அது. அங்கே சிவந்து கிடக்கும் மண்ணை இன்றைக்கும் காகிதத்தில் பொதிந்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். சருகணிக் கோவிலுக்கு மருது சகோதரர்கள் மானியம் கொடுத்த கதையை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூரில் பிரான்ஸ் நாட்டு ரைம்ஸ் பேராலயத்தின் சாயலில் 1894-ல் கட்டிய கோவில் இருக்கிறது. சிவகங்கை மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் வரும் கோவில்களின் வட்டாரம்) தனியாகப் பிரிந்தது மட்டும் பின்னால்தான், 1987-ல்.

ஆக, நாங்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. ஆனால் 'எங்கள் பாரம்பரியம்' என்று நாங்களே பீற்றிக்கொள்ளும் பல சங்கதிகள் நேற்று வந்தவைதான். அதைக் கீழே சொல்கிறேன்.

முன்பும் 'கிறிஸ்மஸ்' என்றுதான் சொன்னீர்களா?

என் மாமியாரின் மாமியார், பிள்ளைகளுக்கு அப்பாவின் அப்பத்தா, 'பாலன் பிறப்பு' என்பார்களாம். இலங்கையில் இன்றும் 'நத்தார்' என்கிறார்கள், அது போர்ச்சுக்கீசியச் சொல். பாதிரியாரை நாங்கள் 'சாமியார்' என்போம், சர்ச்சைக் 'கோவில்' என்போம். கோவில் வழிபாட்டைத் 'திருப்பலி' என்பது சிறுசுகளின் சொல். எனக்கு இன்னும் வாயில் வருவது 'பூசை'தான்.

வேலை எப்போது தொடங்கும்?

முறைப்படி, கிறிஸ்மஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம். கோவிலில் நான்கு மெழுகுவத்தி வைத்து வாரம் ஒன்றாக ஏற்றுவார்கள், மூன்று ஊதா, ஒன்று ரோஸ்.

வீட்டில் அது தொடங்குவது அரிசி ஊறப்போடும் அன்றைக்கு. நவம்பரிலும் டிசம்பரிலும் இங்கே வடகிழக்குப் பருவமழை. என்றைக்கு வெயில் அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, மாவு காய வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பழைய வீட்டில் முற்றத்தில் வேட்டி விரித்துக் காயப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம். தூறல் விழுந்தால் நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துக்கொண்டு, முற்றத்தை ஒட்டிய பட்டாலைக்கு ஓடுவோம். இப்போது ஃபேனுக்கு அடியில் காய்கிறது. ஓட வேண்டிய வேலை இல்லை, ஓடுவதற்கு நான்கு பேரும் இல்லை.

என்னென்ன பலகாரம்? எது பழையது, எது புதியது?

எனக்குப் பிடித்த கேள்வி, அதனால் நீளமாகத்தான் சொல்வேன்.

பழையது: அதிரசம், தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, மனகோலம். பட்டியலைப் பார்த்தால் இது ஆச்சி வீட்டுக் கல்யாணச் சீர்ப் பலகாரம் மாதிரி இருக்கிறதே என்பீர்கள். ஆமாம், அதேதான். எங்கள் வீட்டு மூத்த பெண்கள் பலகாரம் சுடக் கற்றுக்கொண்டது நகரத்தார் வீட்டு இரண்டாம் கட்டில், அதாவது உள் முற்றப் பகுதியில், கூடமாட நின்று வேலை செய்தபோதுதான். அங்கே பிடித்த கைப்பக்குவம் கிறிஸ்மஸுக்கு எங்கள் அடுப்புக்கு வந்தது. தேன்குழல் மாதிரிப் பிழிந்து பொரித்து, ஒடித்து, பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் போட்டு வெல்லப்பாகில் புரட்டினால் மனகோலம். மதுரைக்குக் கிழக்கே வேறு எந்தக் கிறிஸ்தவ வீட்டில் கிறிஸ்மஸுக்கு மனகோலம் சுடுகிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள், சம்பந்தம் பேச வருகிறேன்.

பிறகு வந்தவை அச்சு முறுக்கும் கலகலாவும். நான் 1991-ல் வாக்கப்பட்டு வந்தபோது இந்த வீட்டில் கலகலா கிடையாது. அதைக் கொண்டுவந்தது நான். இன்றைக்கு என் மகன் அதை 'காலங்காலமாகச் செய்வது' என்று நண்பர்களிடம் சொல்கிறான். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஆறு புதுச் சீப்பு வாங்குவேன். கடைக்காரர் வருஷா வருஷம், "வீட்டில் அத்தனை தலையா அக்கா" என்பார். மைதா, முட்டை, பொடித்த சீனி, கெட்டித் தேங்காய்ப் பால் சேர்த்துப் பிசைந்த மாவில் நெல்லிக்காயை விடச் சின்னதாக ஓர் உருண்டை எடுத்து, சீப்பின் பல்லில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி அப்படியே உருட்டி விட வேண்டும். சங்கு மாதிரி சுருண்டு, முதுகில் வரி வரியாக விழும். சீப்புச் சீடையும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான். அரிசி மாவு, பருப்பு மாவு, தேங்காய்ப் பால். வரி அச்சில் நாடாவாகப் பிழிந்து, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி இரு முனையையும் ஒட்டினால் குட்டிக் குழாய். முதல் வருஷம் நான் கலகலாவுக்குச் சீப்பை எடுத்ததும் மாமியார் குனிந்து பார்த்தார். "இது நம்ம சீப்புச் சீடைக்குத் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான், அன்றிலிருந்து அது வீட்டுப் பலகாரம்.

அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகிறது. என்ன தவறு?

பாகு பதம் போதவில்லை. எனக்கும் முதல் கிறிஸ்மஸில் சட்டி முழுக்கக் கஞ்சியாகிப் போனது, கொழுந்தனார்கள் கரண்டியோடு வந்து அள்ளித் தின்றார்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். கரைந்தால் பிரியும், டக்கென்று சத்தம் வருகிற அளவுக்கு முற்றினால் கல்லாகும். மாவு ஈர மாவாக இருக்க வேண்டும். ஊறிய பச்சரிசியை நிழலில் துணியில் பரப்பி, கையில் லேசாக ஒட்டுகிற பதத்தில் இடித்துச் சலிப்பது. கடைப் பாக்கெட் மாவில் அதிரசம் வராது, முயற்சி செய்ய வேண்டாம். கிளறிய மாவை இரண்டு நாளாவது மூடி வைத்த பிறகே சுட வேண்டும்.

கேக் இல்லாமல் கிறிஸ்மஸா?

இருந்தது. இனிப்புக்குக் கவுனி அரிசிதான். பர்மாவுக்குப் போய் வந்த நகரத்தாரோடு இந்தக் கறுப்பு அரிசி செட்டிநாட்டுக்கு வந்தது. ராத்திரியே ஊற வைத்து, குழைய வேக வைத்து, சூட்டோடு சீனியும் தேங்காய்த் துருவலும் நெய்யும் போட்டுக் கிளறினால் ஊதா நிறத்தில் ஒட்டிக்கொண்டு வரும்.

கேக் எங்கள் வீட்டுக்குள் வந்தது 1994-ல், பிரஷர் குக்கரில். அடியில் ஆற்று மணலைக் கொட்டி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே தட்டை வைத்து வேக விட்டேன். நடுவில் வேகவில்லை. ஓரத்தை வெட்டிச் சாப்பிட்டோம். இப்போது பேக்கரியில் ஆர்டர். பிளம் கேக்கில் பிளம் எங்கே என்று பேரன் தேடுகிறான். பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சையையும் பிளம் என்றுதான் சொல்வார்களாம். தேடினால் கிடைக்காது.

குடிலில் நிஜப் புல் எப்படி வளர்க்கிறீர்கள்?

1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் முதன்முதலாக, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் வைத்தார் என்று கோவிலில் சொல்வார்கள். உயிருள்ள மாட்டையும் கழுதையையுமே கொண்டுவந்து நிறுத்தினாராம். புல்லுக்கு அவர் என்ன செய்தார் என்று சொல்லவில்லை, நாங்கள் செய்வது முளைப்பாரி.

அம்மன் கோவில் திருவிழாவுக்கு ஊரில் முளைப்பாரி போடுவார்களே, அதே முறைதான். கொட்டாங்கச்சியில் மண்ணும் மட்கிய சாணமும் போட்டு, கேழ்வரகையோ நெல்லையோ நெருக்கமாகத் தூவி, தண்ணீர் தெளித்து இருட்டில் வைக்க வேண்டும். டிசம்பர் 12, 13 வாக்கில் போட்டால் 24-க்கு நாலு விரல் உயரம் நிற்கும். இருட்டில் வைப்பதால் வெளிர் மஞ்சளாக வரும். கடைசி இரண்டு நாள் வெளிச்சத்தில் வைத்தால் பச்சை ஏறும். முளைப்பாரிக்கு விதை கொடுத்துக் கற்றுத் தந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். எங்கள் சாமியார் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது குடிலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கும்மி மட்டும்தான் பாக்கி" என்றார்.

குழந்தை இயேசுவை ஏன் 24 ராத்திரி வரை வைப்பதில்லை?

இன்னும் பிறக்கவில்லையே! தீவனத் தொட்டி காலியாகத்தான் இருக்கும். பூசை முடிந்து வீடு வந்ததும் வீட்டிலேயே சின்ன வயதுப் பிள்ளை கொண்டுவந்து வைக்கும். குழந்தையைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களை நாங்கள் முதலில் சன்னல் திட்டில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்துவோம். முறைப்படி அவர்கள் வருவது ஜனவரி 6. நகர்த்தும் வேலை பிள்ளைகளுக்கு. ஒரு வருஷம் ஒரு ராஜா ஃபிரிட்ஜுக்கு மேலே நின்றார்.

குழந்தை சுரூபம் (சிலை) காணாமல் போன கதையையும் கேட்பீர்கள். 2003 என்று நினைவு. அலமாரி, பரண், டிரங்குப் பெட்டி எல்லாம் கொட்டிப் பார்த்தாயிற்று. மாமியார் அதற்கு முந்திய தை மாதம்தான் இறந்திருந்தார். எங்கே வைப்பார் என்று யாரும் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் சரியாக 24 ராத்திரி அவர் மடியிலிருந்து வரும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் தொட்டி காலியாகவே இருந்தது. பொங்கலுக்குப் புது அரிசி கொட்டப் பழைய மண் பானையைக் கவிழ்த்தபோது, பஞ்சில் சுற்றி ஒரு கிழிந்த கண்டாங்கித் துண்டில் முடிந்து, அடியில் கிடந்தார்.

துக்க வீட்டில் கிறிஸ்மஸ் உண்டா?

மேலே சொன்ன அதே வருஷம். பூசைக்குப் போவோம், எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம், ஸ்டார் கட்ட மாட்டோம். பலகாரத்தைச் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டாரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் இருந்த அளவுக்குப் பலகாரம் வேறு எந்த வருஷமும் இருந்ததில்லை.

ஸ்டார் வீட்டிலேயே செய்ததா?

ஆமாம். மூங்கில் சிம்பை நூலால் கட்டி, கலர்த் தாளை மைதாப் பசையில் ஒட்டி, உள்ளே ஒரு நாற்பது வாட் பல்பு. மழை வந்தால் அதன் மேல் பாலித்தீன் பை. சாயம் வடிந்து திண்ணையில் சிவப்புக் குட்டை நிற்கும். இப்போது எல்.இ.டி. ஸ்டார், மடித்து வைத்தால் ஐந்து வருஷம் வரும். இதில் எனக்குப் பழசின் மேல் ஏக்கம் ஒன்றும் இல்லை.

ராத்திரிப் பூசை எத்தனை மணிக்கு? தூங்கிவிட்டால்?

கோவிலுக்குக் கோவில் நேரம் மாறும். எங்களுக்குப் பதினொன்றரைக்குப் பாட்டு தொடங்கிவிடும். திருவருகைக் காலம் முழுக்கப் பாடாமல் வைத்திருந்த 'உன்னதங்களிலே' பாட்டை அன்றைக்கு எடுக்கும்போது எல்லா மணியும் ஒன்றாக அடிக்கும். தூங்குகிற பிள்ளை அப்போது எழுந்து அழும். கவலை வேண்டாம், எல்லாப் பிள்ளையும் அழும்.

என் மாமனார் சிறுவயதில் பீடத்தில் உதவி செய்தவர். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (உலகத்து ஆயர்கள் கூடிய பெருங்கூட்டம்) முன்னால் பூசை லத்தீனில்தான். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் மளமளவென்று பதில் சொல்வாராம், 80 வயதிலும் சொல்லிக் காட்டுவார். சருகணிக்கு மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் படுத்துக்கொண்டு போனதும், பனியில் போர்வை நனைந்ததும் அவர் சொல்லித்தான் தெரியும். இப்போது இங்கே காரைக்குடிக் கோவிலுக்கு ஸ்கூட்டியில் ஏழு நிமிஷம். ஆனாலும் கடைசி நிமிஷத்தில்தான் கிளம்புகிறோம்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர்களுக்கு 25 விடியற்காலையில் ஆராதனை. இரண்டும் கலந்த குடும்பம் என்றால் அன்றைக்குத் தூக்கம் இல்லை என்று பொருள்.

மருமகள் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. குடும்பம். யார் வழக்கம் நடக்கும்?

இரண்டும் நடக்கிறது, சண்டையும் நடக்கிறது. அவள் வீட்டில் 24 அன்று கேரல்ஸ் பாட்டுக் குழு வரும், தேநீரும் பலகாரமும் தர விடியும் வரை விழித்திருப்பார்கள். எங்களுக்கு அந்த நேரம் கோவிலில். முதல் வருஷம் பாட்டுக் குழு இல்லாமல் அவளுக்கு முகம் வாடிப்போனது. அடுத்த வருஷம் 23 ராத்திரி தெருப் பிள்ளைகளை, இந்துப் பிள்ளைகளும் சேர்த்துத்தான், கூட்டி அவளே ஒரு குழு கட்டினாள். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டது எதிர்வீட்டு ஆச்சியின் பேரன். இந்தத் தெருவுக்கு அதுதான் முதல் கேரல்ஸ். இன்னும் இருபது வருஷத்தில் இதையும் காலங்காலமாக நடக்கிறது என்பார்கள்.

குடிலுக்குப் பக்கத்தில் கிறிஸ்மஸ் மரமும் வேண்டும் என்றாள். இடம் இல்லை. குரோட்டன்ஸ் தொட்டியில் மணி கட்டி முடித்தோம்.

பக்கத்து வீட்டாருக்குப் பலகாரம் கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முட்டை. கலகலாவிலும் கேக்கிலும் முட்டை இருக்கிறது, சைவ வீடுகளுக்கு அது ஆகாது. முதலில் முட்டை இல்லாத ஈடு ஒன்று பிசைந்து, புது எண்ணெயில் பொரித்து, தனி டின்னில் வைத்துவிடுவேன். பிறகுதான் மற்றது. நம் வசதிக்குச் சொல்லாமல் கொடுத்துவிடக் கூடாது.

இன்னொன்று, நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகை கழிந்து 21-ஆம் நாள் வரும். நாளுக்கு ஓர் இழையாக 21 நூல் இழை எடுத்து, மாவில் திரியாக வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். கார்த்திகை எப்போது வருகிறதோ அதைப் பொறுத்துச் சில வருஷம் கிறிஸ்மஸுக்கு முன்னால் விழும், சில வருஷம் புத்தாண்டுக்குப் பின்னால். முன்னால் வந்தால் ஆச்சி வீட்டிலிருந்து கருப்பட்டிப் பணியாரம் முதலில் வரும், பின்னால் வந்தால் எங்கள் தட்டு முதலில் போகும். இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வருவது ஒரே எனாமல் தட்டுதான், நீலக் கரை, பூப்போட்டது. காலியாக ஒருநாளும் திரும்பியதில்லை, குறைந்தது ஒரு பிடி சீனியாவது இருக்கும். இதே மாதிரித் தட்டு முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் என்ன விலைக்கு விற்கிறது என்று கேட்டுவிட்டு வந்த ஆச்சி, "இனிமேல் சில்வர் தட்டில் அனுப்புவோமா" என்றார். இருவரும் சிரித்தோம். தட்டு இப்போது அவர்கள் வீட்டில் இருக்கிறது, நோன்பு வரட்டும்.

அன்றைக்கு என்ன சமையல்?

காலையில் இடியாப்பம், ஆட்டுக்கால். மதியம் முன்பெல்லாம் சோறும் கறிக்குழம்பும் உப்புக்கறியும். இப்போது பிரியாணி. உப்புக்கறியை விடவில்லை.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகளோடு எப்படிக் கொண்டாடுவது?

கணக்கு எளிது. இங்கே பூசை 12 மணி என்றால் சிங்கப்பூரில் இரண்டரை, துபாயில் பத்தரை. சிங்கப்பூர் மகள் அவள் பூசையை முடித்துத் தூங்கியிருப்பாள், துபாய் மகன் இன்னும் கிளம்பியிருக்க மாட்டான். அதனால் குழந்தையை வைப்பதை 25 காலை எட்டுக்கு மாற்றிவிட்டோம். துபாய்க்கு அது ஆறரை, கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவான். சாமியாரிடம் கேட்டேன், தப்பில்லை என்றார். மாமியார் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

பார்சலில் மனகோலமும் சீப்புச் சீடையும் தாங்கும். அதிரசம் எண்ணெய் விடும், துணிக்கு நடுவில் வைக்காதீர்கள். மகளின் பட்டுச்சேலை ஒன்று அப்படித்தான் போனது.

குடிலை எப்போது எடுக்க வேண்டும்?

மூன்று ராஜாக்கள் திருவிழா முடிந்து, ஆண்டவரின் திருமுழுக்கு (ஞானஸ்நான) விழாவோடு கிறிஸ்மஸ் காலம் முடிகிறது. அது பொங்கலை ஒட்டி வரும், வீடு கழுவும் வேலையும் அப்போதுதான். வைக்கோலும் முளைப்பாரியும் பின் தெரு மாட்டுக்குப் போகும். சூசையப்பர், மாதா, காது உடைந்த கழுதை, ராஜாக்கள் எல்லோரும் அட்டைப் பெட்டிக்குள். குழந்தை மட்டும் பஞ்சில் சுற்றி அரிசிப் பானைக்குள். மருமகளைக் கூப்பிட்டு, பானையைக் காட்டித்தான் வைக்கிறேன்.